மாதையன் அண்ணன் மைக்கில் வாசித்த தொகை

"உங்க எதிரி போயிட்டாருங்க பாய்."

செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எதிரே வண்டியிலிருந்து தார்ப்பாய்க் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். போனில் பேசியது எங்கள் கட்சித் தம்பி ஒருவன். "எனக்கு எவன்டா எதிரி?" என்றேன். "நல்லம்பள்ளி மாதையனுங்க. காத்தால நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள..." என்று இழுத்தான். போனை அந்தப் பயல் தலையிலேயே போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. அவன் பக்கத்தில் இல்லாதது அவன் அதிர்ஷ்டம். தார்ப்பாய்க் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தக்காளிக் கூடை தூக்கிப் போனவர் ஒருவர், "ஏனுங்க பாய், தலை சுத்துதா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இதைப் படிக்கிற உங்களில் மாதையன் அண்ணனை அறிந்தவர்கள் இரண்டு கட்சியிலும் இருக்கிறீர்கள். அவர் உங்களில் ஒரு பாதிப் பேருக்குச் சொந்தக்காரர், மீதிப் பாதிக்கு எதிர்க்கட்சி. பத்தொன்பது வருடங்களாக அவர் அந்தக் கட்சியின் ஒன்றியப் பொருளாளர். நான் இந்தக் கட்சியின் நகரப் பொருளாளர், தருமபுரியில் தார்ப்பாய், கயிறு வியாபாரம். மேடையில் எங்கள் தலைவர்கள் ஒருவரை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். மேடைக்குப் பின்னால் நானும் அவரும் ஒரு டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்துக்கொண்டிருப்போம். எதிரியாம், எதிரி.

வசூலுக்கும் நாங்கள் பல சமயம் சேர்ந்தே போயிருக்கிறோம். கடைக்காரர்களுக்கு எப்போதும் ஒரே புலம்பல்தான்: "காலையில ஒருத்தர் வர்றீங்க, மத்தியானம் ஒருத்தர் வர்றீங்க, நாங்க யாவாரம் எப்பத்தான் பாக்கறது?" அண்ணன்தான் யோசனை சொன்னார். அன்றிலிருந்து ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே கடைக்குள் நுழைவோம். "ரெண்டு தலைவலியும் ஒண்ணா வந்துட்டோமுங்க. ஒரே மாத்திரையா குடுத்து அனுப்பிருங்க" என்பார். சிரிக்காத கடைக்காரர் கிடையாது. சிரித்தவன் கை கல்லாவுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்.

அவரைப் பொருளாளர் ஆக்கியது அரசியல் அல்ல, மொய். நல்லம்பள்ளிப் பக்கம் எந்தக் கல்யாணம் என்றாலும் மொய் மேசையில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். எழுதிக்கொண்டே மைக்கில் வாசிப்பார். ஊர், பெயர், தொகை. வெண்கலக் குரல். ஐம்பது ரூபாய் வைத்தவர் பெயரையும் ஐயாயிரம் வைத்தவர் பெயரையும் ஒரே சுருதியில் வாசிப்பார். குரல் ஏறாது, இறங்காது. ஒருமுறை பந்தியில் உட்கார்ந்தபடி இதைப் பாராட்டினேன். "பேரைச் சொன்னா தொகையைச் சொல்லணும் பாய். தொகையைச் சொல்ல முடியாதுன்னா வாங்கவே கூடாது" என்றார். மொய்க்கு மட்டும்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு பாயசத்தைப் பார்த்தேன்.

அந்த மொய் மேசையில் இன்னொன்றும் நடக்கும். அவருடைய தங்கை பாப்பாத்தி சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். கூலிக்குத் தக்காளி பறித்துப் பிழைப்பவர். கல்யாணம் காட்சிக்கு வெறுங்கையோடு போக முடியாது என்பதால் அந்த அம்மா போகாமலே இருந்துவிடுவார். அண்ணன் விடுவாரா? தன் மடியிலிருந்து நூற்றியொன்றை எடுத்து வைத்து, தங்கை பெயரை வாசித்துவிடுவார். பெயர் மைக்கில் வந்துவிட்டால், நாளைக்கு அந்த வீட்டுக்காரர் பாப்பாத்தி வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்து நின்றே தீர வேண்டும். எங்கள் பக்கத்தில் அண்ணன் தங்கைக்குச் செய்யும் சீர் என்றால் புடவை மட்டும் இல்லை, இதுவும்தான். ஊருக்கே இது தெரியும், யாரும் பேசமாட்டார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். வராமல் அண்ணன் கதையைச் சொல்ல முடியாது. ஒரு ஆளிடம் கட்சி ரொக்கமாக வாங்கினால் இரண்டாயிரம் ரூபாய்தான் உச்சம். அதற்கு மேல் என்றால் செக், இல்லையென்றால் வங்கி வழி. சட்டம் நல்ல சட்டம். ஆனால் எந்த முதலாளி செக் கொடுப்பான்? ஒரு கட்சிக்குச் செக் கொடுத்தது தெரிந்தால் இன்னொரு கட்சி வாசலில் வந்து நிற்கும், பின்னாலேயே வரிக்காரரும் வருவார். ரொக்கத்தைத்தான் நீட்டுவான், அதையும் கட்டாகத்தான் நீட்டுவான். தேர்தல் பத்திரங்களைக் கோர்ட்டு ரத்து செய்த செய்தியைப் பேப்பரில் படித்த அன்று அண்ணன் சொன்னார்: "மேல இருக்கிறவங்களுக்குக் கோடி கோடியா வாங்கப் பேரில்லாத வழி ஒண்ணு இருந்திருக்குது பாய். நமக்கு ரெண்டாயிரத்துக்கு மேல ஒரு ரூபா சேந்தாலும் பேர் வேணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த கடைசிச் சில நாட்களில் அதுவும் ஒன்று.

அதற்குப் பிறகு வந்த ஒரு தேர்தலின்போதுதான் அந்த நிதியளிப்புக் கூட்டம் நடந்தது. அவர்கள் கட்சிக் கூட்டம். நான் எதிரே மளிகைக் கடை நிழலில் நின்று வேடிக்கை பார்த்தேன். மேடையில் வரிசையாக வந்து கவரைக் கொடுக்கிறார்கள். அண்ணன் வாங்கி, பிரித்து, எண்ணி, மைக்கில் வாசிக்கிறார். ஐநூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கல்லுடைக்கும் கிரஷர் முதலாளி வந்து ஒரு கவரை நீட்டினார். அண்ணன் பிரித்தார், எண்ணினார், இத்தனை வருடப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது. ஊரைச் சொன்னார், பெயரைச் சொன்னார், "ரூபாய் இருபதாயிரம்!" என்றார்.

மேடைக்குக் கீழே, தேர்தல் அதிகாரிகள் அனுப்பிய ஆள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அட பாவி மனுஷா என்று நான் தலையில் கை வைத்தேன். ஒன்றியச் செயலாளர் பாய்ந்து மைக்கைப் பிடுங்கி, "திருத்தம்! ரெண்டாயிரம்! ரூபாய் ரெண்டாயிரம்!" என்று கத்தினார். கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் கிரஷர் முதலாளியும் நம்ம ஊர்க்காரர்தானே? மொய்யில் தொகையைக் குறைத்து வாசிப்பதும் செருப்பால் அடிப்பதும் எங்களுக்கு ஒன்று. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. சம்பந்தி வீட்டார் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "நான் ரெண்டாயிரம் குடுக்கிற ஆளாய்யா? எண்ணிப் பாத்துட்டுத்தானே படிச்சாரு? இருபதுன்னு படி, இல்லைன்னா பணத்தைக் குடு, நான் போறேன்!" என்று மேடையிலேயே நின்றுகொண்டார். இருபது என்றால் சட்டம் போய்விடும், இரண்டு என்றால் மானம் போய்விடும். நடுவில் அண்ணன் கவரைக் கையில் பிடித்தபடி, வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். கடைசியில் யாரோ பாட்டைப் போட்டுச் சத்தத்தை அமுக்கினார்கள்.

முதலாளியைச் சமாதானம் செய்தாயிற்று. பணம் கட்சியில் தங்கிவிட்டது. கணக்கு தங்க வேண்டுமே? இருபதாயிரத்தை இரண்டிரண்டாயிரமாக்கிப் பத்துப் பேர் பெயரில் ரசீது போடச் சொன்னார் செயலாளர். "யாரு பேர்லீங்க?" என்று கேட்டார் அண்ணன். "உங்க சொந்தபந்தம் இல்லாத ஊரா? போடுங்க" என்று பதில் வந்தது. அண்ணன் எழுதினார். மச்சான், பங்காளி, சம்பந்தி என்று எழுதிக்கொண்டே போனவர், வருடக்கணக்கில் மொய் எழுதிய அந்தக் கையால், தங்கை பெயரையும் எழுதிவிட்டார். அவரே பின்னால் என்னிடம் சொன்னது: "நல்லதுக்கு எழுதிப் பழகின கை பாய். கெட்டதுக்கு எழுதறப்பவும் அதே பேர்தான் வந்துச்சு."

அதோடு விட்டார்களா? 'முதலாளிகளின் பணம் அல்ல, ஏழை எளிய மக்கள் தந்த நிதி' என்று பேருந்து நிறுத்தத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கொடுத்தவர் பெயர் எல்லாம் அதில். பாப்பாத்தி, கூலித் தொழிலாளி, இரண்டாயிரம். முதலாளி பெயர் மட்டும் இல்லை.

அந்த மாதம்தான் பாப்பாத்தியம்மா மகளிர் குழுவில் தவணை கட்ட ஒரு வாரம் அவகாசம் கேட்டிருந்தார். குழுப் பெண்கள் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "கட்சிக்கு ரெண்டாயிரம் அவுத்து வுட்டவளுக்குக் குழுக் காசு கட்ட வக்கில்லியா? எங்க தலையிலதான் மொளகா அரைப்பியா?" தெருவே கேட்டது. அந்த அம்மா நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தார். நான் அன்று தக்காளிக்குப் போடும் நைலான் கயிறு கொடுக்கப் போனவன், அங்கே மாட்டிக்கொண்டேன்.

"அண்ணா, நான் எப்பண்ணா குடுத்தேன்?"

அண்ணன் நான் கொடுத்த கயிற்றை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

"வந்து ஒரு வார்த்தை சொல்லு. எந்தங்கச்சி குடுக்கலன்னு அவளுங்ககிட்டச் சொல்லு. போதும்."

சொல்லலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் தங்கை கொடுக்கவில்லை என்றால் ரசீது பொய். ரசீது பொய் என்றால் கையெழுத்துப் போட்டவர் பொய்யர். அப்புறம் மற்ற ஒன்பது பேரும் கேட்பார்கள், பத்தையும் கூட்டினால் அந்த முதலாளி வருவார், முதலாளி வந்தால் வீடியோ வரும். "நீ குடுத்ததாவே இருந்துட்டுப் போவட்டும் பாப்பா" என்றார் அண்ணன், குரலே இல்லாமல். ஊரெல்லாம் கேட்கிற அந்தக் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"குடுத்ததா இருக்கட்டுமா? அப்ப அந்த ரெண்டாயிரம் எனக்கு ஏதுண்ணா? எங்க திருடினேன்?"

அண்ணன் எழுந்துபோய் உள்ளிருந்து பணம் எடுத்து வந்து, குழுத் தவணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினார். "ரசீது போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார். அதன்பின் அண்ணன் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. இவர் மொய் மேசைக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டார். மைக் செட்டுக்காரர் வந்து கெஞ்சியும், "தொண்டை கட்டிக்கிச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தொப்பூர்க் கணவாயில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஒரு கடை உண்டு. எனக்குத் தார்ப்பாய் வாடிக்கை அங்கேதான். ஒரு மத்தியானம் அண்ணனும் கூட வந்தார். சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம். காலையில் செயலாளரிடம் கொடுத்ததும், அவர் படித்துப் பார்த்து, மடித்து, திரும்ப இவர் பையிலேயே செருகிவிட்டாராம். "தாராளமாப் போங்கண்ணே. ஆனா இத்தனை வருசக் கையெழுத்து உங்களது. நாளைக்கு எவனாச்சும் கேட்டா உள்ள இருந்தா நாங்க பதில் சொல்வோம். வெளிய போயிட்டா நீங்கதான் சொல்லணும்." இதைச் சொல்லிவிட்டுப் பரோட்டாவைப் பிய்த்தவர் அப்படியே வைத்துவிட்டார். கீழே எங்கேயோ லாரி ஒன்று கவிழ்ந்து, ரோடு முழுக்க வண்டிகள் நின்றிருந்தன. "பாருங்க பாய், முன்னால போவ வழியில்ல, திருப்பவும் எடமில்ல. ஹாரன் மட்டும்தான் அடிக்க முடியும். எனக்கு அதுவும் முடியல" என்றார். சாப்பிடுங்கண்ணே ஆறிடும் என்று மட்டும் சொன்னேன்.

ஆனாலும் மனுஷர் ஒன்று செய்தார். அதற்குப் பிறகு யார் கட்டுப் பணத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "யாரு பேர்லீங்க?" என்பார். பத்துப் பெயர் சொன்னால், "அவங்களக் கூட்டிட்டு வாங்க. அவங்க வாயால சொன்னா எழுதறேன்" என்பார். சண்டை போடமாட்டார், குரல் உயராது. கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பார். கட்சியில் அவருக்கு 'யாரு பேர்ல' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். நீக்கினால் வெளியே போய் வாயைத் திறப்பாரோ என்று அவர்களுக்குப் பயம். போனால் தனியாக மாட்டிக்கொள்வோம் என்று இவருக்குப் பயம். ரசீதுப் புத்தகங்கள் மெல்ல வேறு ஆளிடம் போயின. பதவி மட்டும் இவரிடமே கிடந்தது, சாகும்வரை.

சாவு வீட்டுக்கு நான் போனபோது வாசல் முழுக்கக் கரைவேட்டி. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிரஷர் முதலாளி ஆள் உயர மாலையோடு நின்றிருந்தார். ஒன்றியச் செயலாளர் கட்சிக் கொடியை மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். பொருளாளர் அல்லவா, கொடி போர்த்துவது முறை. பெட்டியைத் திறந்தார்கள். அப்போதுதான் பெண்கள் கூட்டத்திலிருந்து பாப்பாத்தியம்மா எழுந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்த வாசலை மிதித்திருக்கிறார்.

"கொடி வேணாங்க" என்றார்.

செயலாளர் பதமாகத்தான் பேசினார். "அம்மா, கட்சி மரியாதைம்மா. அண்ணன் கட்சிக்காரரு. இதுல நீ தலையிடாத."

"நான் தலையிடாம வேற யாருங்க தலையிடுவாங்க? உங்க கட்சிக்கு ரெண்டாயிரம் குடுத்தவ நானு. பஸ் ஸ்டாப்புல ஊரறிய எழுதி வெச்சீங்களே. அந்தக் கொடியில எங்காசும் இருக்குது. வேணாங்கறேன்."

செயலாளர் வாயைத் திறந்தார். "ஏம்மா, நீ எங்க குடுத்த..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க. நான் குடுக்கலியா? குடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, தள்ளிக்கறேன். எங்கண்ணனால சொல்ல முடியல. நீங்க சொல்லுங்க."

அவ்வளவு பேர் நின்ற வாசலில் பறைக்காரர் கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். குழுப் பெண்கள் ஓரமாக நின்றிருந்தார்கள், ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முதலாளி மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கையில் இருந்த கொடியைப் பார்த்தார். கொடுத்தாய் என்றால் கொடியை எடுத்துப் போக வேண்டும். கொடுக்கவில்லை என்றால் அண்ணன் இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்ததை இவர் கக்க வேண்டும். கடைசியில் கொடியை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் போனார். பாப்பாத்தியம்மா தான் வாங்கி வந்த கோடித் துணியைப் பிரித்து அண்ணன் மேல் போர்த்தினார். போர்த்திவிட்டு, "என்னைய ஏண்ணா எழுதின?" என்று கேட்டுவிட்டு விழுந்து அழுதார். எதிர்க்கட்சிக்காரன், கூட்டத்தில் நான் அழக்கூடாது. அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அவருடைய கேள்வி ஒன்று இருக்கிறது. எங்கள் கட்சி சின்னக் கட்சி, எங்களுக்கு யார் மொத்தமாகக் கொடுத்தார்கள்? ஐம்பதுக்கும் நூறுக்கும் ரசீது கிழித்தே என் காலம் ஓடிவிட்டது. உத்தமனாக இருக்க எனக்குச் செலவே ஆகவில்லை. இப்போது கூட்டணி மாறிவிட்டது, கட்டுப் பணம் எங்கள் பக்கமும் வர ஆரம்பித்திருக்கிறது. அண்ணனின் காரியம் முடிந்த மறுநாள் எங்கள் மாவட்டச் செயலாளர் கடைக்கு வந்து, துணிப்பை ஒன்றை மேசையில் வைத்தார். "இதுக்கு ரெண்டிரண்டாயிரமா ரசீது போட்டு வைங்க பாய்" என்றார். நான் பேனாவைத் திறந்தேன். அதுவரை என் வாயில் வந்திராத கேள்வி வந்தது.

"யாரு பேர்லீங்க?"

அவர் சிரித்தார். "என்ன பாய், அந்த மாதையன் மாதிரியே கேக்கறீங்க? உங்க வூட்டுல பேரா இல்ல? சம்சாரம் பேர்ல ஒண்ணு போடுங்க. பொண்ணு பேரு என்ன, சல்மாவா? அது பேர்ல ஒண்ணு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பை கடையில்தான் இருக்கிறது. எழுதவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கேள்வியை நான் கேட்டுவிட்டேன் அண்ணே. என் மகள் பெயரைப் பதிலாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்து என்ன கேட்பது என்று நீங்கள் எனக்குச் சொல்லாமலே போய்விட்டீர்களே.